மரக்காலைக்கு வரும் மரம் எங்கே வளர்கிறது?

மாத்தளையில் வீடு கட்டுகிறவர்கள் சீமெந்து விலையைப் பற்றிப் பேசுவதைப் போலவே இன்று மரத்தின் விலையைப் பற்றியும் பேசுகிறார்கள். கதவு நிலை, யன்னல், கைமரம், சலாகை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கூரைச் செலவே தனியொரு வீட்டுச் செலவு போலத் தெரிகிறது. மரக்காலை முதலாளியைக் கேட்டால் "மரம் வருவதில்லை" என்கிறார். மரம் தறிக்கிறவரைக் கேட்டால் "பேர்மிட் கிடைப்பதில்லை" என்கிறார். பேர்மிட் கொடுக்கும் உத்தியோகத்தரைக் கேட்டால் "காட்டைக் காப்பாற்ற வேண்டாமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் மூவரும் ஒரே மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

காட்டு மரம் வேறு, தோட்டத்து மரம் வேறு. இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதை அரசாங்கம் 1990ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. காட்டு முதிரையையும் பாலையையும் நம்பி நேர்மையாக வியாபாரம் நடத்தும் காலம் அன்றோடு முடிந்தது. 1968இல் ஆரம்பிக்கப்பட்ட அரச மரக் கூட்டுத்தாபனம், அரசாங்கம் நட்டு வளர்த்த தேக்கு, மஹோகனி, யூக்கலிப்டஸ், பைன் தோட்டங்களில் வெட்டித் தருகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுப் பின்புறத்திலிருந்துதான். 1995இல் வனத்துறைக்கான பெருந்திட்டத்தைத் தயாரித்தவர்களே, நாட்டில் அரியப்படும் மரத்தில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டது வீட்டுத் தோட்டங்களிலிருந்து வருவதாகக் கணக்கெடுத்திருந்தார்கள். உக்குவளையிலும் யட்டவத்தையிலும் ரத்தோட்டையிலும் மிளகுக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் இடையில் நிற்கும் பலா, மஹோகனி, சப்பு, மலைவேம்பு ஆகியவைதான் நம் மரக்காலைகளின் மூலதனம்.

நான் வாசனைத் திரவியம் வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். காட்டைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். கடந்த 30 வருடமாக மிளகும் சாதிக்காயும் வாங்கப் போய் நான் ஏறி இறங்காத தோட்டம் இந்த மாவட்டத்தில் குறைவு. எந்தத் தோட்டத்தில் மரம் நிற்கிறது, எந்தத் தோட்டத்தில் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே எழுதுகிறேன். நிழல் போன தோட்டத்தில் மிளகின் கதியும் சில வருடங்களில் தெரிந்துவிடும். ஆகவே இது மர வியாபாரிகளின் பிரச்சினை மட்டுமல்ல.

எமது மாவட்டத்தின் காட்டு வரலாறு திட்டமில்லாமல் அழிந்த வரலாறு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. திட்டம் போட்டே அழிக்கப்பட்டது. 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசாங்கத்துக்குச் சொந்தமானவை எனக் கொள்ளப்பட்டன. அந்தக் காணிகள் ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டு, மலைகளெல்லாம் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு வரிகளோடு இந்தக் காணி மனக்குறையும் சேர்ந்திருந்தது. பிறகு 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்தது. சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி முடிந்துபோனது. தறிக்கப்பட்ட காடு திரும்பி வரவில்லை, தேயிலைதான் வந்தது. ஒரு பயிரின் விலையை நம்பி நூறு வருடக் காட்டை விற்ற கணக்கு அது. அவர்களுக்குள்ளேயும் புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனைக்குப் பிறகு, 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலையின் உச்சிக் காடு இன்றும் நிற்பதற்கு அந்த ஒரு முடிவும் காரணம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காடு இருந்ததாகச் சொல்வார்கள். 1956இல் அது 44 சதவீதம். 1992இல் அடர்ந்த காடு 24 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2010 கணக்கில் திறந்த காட்டையும் சேர்த்து ஏறத்தாழ 30 சதவீதம் வந்தது. 2030இல் இதை 32 சதவீதமாக்குவோம் என்று காலநிலை தொடர்பான சர்வதேச உடன்படிக்கையின் கீழ் இலங்கை வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்த 2 சதவீதம் எங்கிருந்து வரப் போகிறது? வெற்றுக் காணி வைத்திருக்கும் அரசாங்கத்திடமிருந்து மட்டும் வராது. தோட்டம் வைத்திருப்பவன் மரம் நட்டால்தான் காட்டின் மீதுள்ள சுமை குறையும்.

தேசிய மட்டத்தில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1986இல் பின்லாந்தின் உதவியுடன் ஒரு பெருந்திட்டம் வந்தது. அதில் காட்டை வெட்டுவதற்குத்தான் அதிக இடம் இருக்கிறது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் முடிவில்தான் 1990ஆம் ஆண்டுத் தடை வந்தது. 1995இல் தேசிய வனக் கொள்கையும், அதனோடு 2020 வரை 25 வருடங்களுக்கான பெருந்திட்டமும் வந்தன. இரண்டாவது திட்டம் முதலாவதை விட எவ்வளவோ மேல். மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வீட்டுத் தோட்டத்தை வளர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 25 வருடம் என்பது அரசாங்கங்களுக்கு மிக நீண்ட காலம். மஹோகனிக்கு அது போதாது. அந்தத் திட்டம் தொடங்கிய வருடத்தில் நட்ட கன்று, திட்டம் முடியும்போது இன்னும் நல்ல பலகைக்குத் தகுதியாகியிருக்காது.

இதற்கிடையில் சுற்றறிக்கைகள் வேறு. வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்கு வெளியே கிடந்த அரச காடுகளை 2001இல் ஒரு சுற்றறிக்கை அத்திணைக்களத்தின் பொறுப்பில் கொடுத்தது. 2020இல் இன்னொரு சுற்றறிக்கை அதை இரத்துச் செய்து, அக்காடுகளைப் பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றப் பார்த்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 40 வருடத்துக்கு மரம் நடச் சொல்கிறவர்கள் 19 வருடத்தில் காட்டின் பொறுப்பாளரையே மாற்றினால், சாதாரண மனிதன் எதை நம்பிக் கன்று நடுவான்?

பேர்மிட் விடயத்துக்கு வருகிறேன். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கிறது. இது நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். பாணந்துறை ஆதர் வீ. டயஸ் நாடெங்கும் பத்து இலட்சம் பலா மரங்கள் நடும் இயக்கம் நடத்தி, சிங்கள மக்களிடம் 'கொஸ் மாமா' என்று பேர் வாங்கியவர். உலக யுத்தத்தின் பஞ்சத்திலும் 1970களின் தட்டுப்பாட்டிலும் பலாக்காய்தான் பல குடும்பங்களின் சோறு. 2022இல் எரிவாயுவும் அரிசியும் எட்டாத உயரத்துக்குப் போனபோதும் அதைத்தான் கண்டோம். ஆகவே பலாவுக்குக் காவல் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு சட்டம் நிற்கிற மரத்தைக் காப்பாற்றுவது ஒன்று. அடுத்த மரத்தை நடத் தூண்டுவது வேறொன்று. எனக்குத் தெரிந்த ஒருவர், உக்குவளைக்கு மேலே ஒரு ஏக்கர் தோட்டக்காரர், மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தன் வாப்பா நட்ட இரண்டு பலா மரங்களைத் தறிக்க அனுமதி கேட்டார். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, காணி உறுதியின் பிரதி, பிரதேச செயலகம், பிறகு பலகையை மில்லுக்குக் கொண்டுபோக வேறொரு அனுமதி. ஒரு உத்தியோகத்தர் லீவு, இன்னொருவர் இடமாற்றம். உறுதியில் பெயர் மௌத்தான பாட்டனாருடையது என்பதால் அது வேறு சிக்கல். மாதக் கணக்கில் அலைந்து கடைசியில் அவர் மரக்காலையில் கடனுக்குப் பலகை வாங்கி வீட்டை முடித்தார். அதற்குப் பிறகு அவர் தோட்டத்து வேலியோரம் நட்டது என்ன தெரியுமா? கிளிரிசிடியா. "இதை வெட்ட எவனிடமும் கேட்கத் தேவையில்லை நானா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி ஒரு சட்டம் மரத்தையே பகையாக்கிய கதை அயல்நாட்டில் இருக்கிறது. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். அதன் பிறகு வந்த ஆங்கிலேயரும், சுதந்திர இந்தியாவின் மாநில அரசுகளும் அந்த வழியிலேயே போயினர். உன் காணியில் முளைத்தாலும் சந்தன மரம் உன்னுடையதல்ல. திருட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவனும் நீ. விளைவு, சந்தனக் கன்று முளைத்தால் விவசாயி பிடுங்கி எறிந்தான். காட்டிலிருந்த மரத்தைக் கடத்தல்காரர்கள் முடித்தார்கள். 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, காணிக்காரனே மரத்துக்குச் சொந்தக்காரன் என்று ஆக்கின. அதற்குள் இந்தியச் சந்தனத்தை மேற்கு அவுஸ்திரேலியாவில் பெருந்தோட்டமாக நட்டுவிட்டார்கள்! இந்தியா இதிலிருந்து பாடம் படித்தது என்றே நினைக்கிறேன். 2014இல் விவசாய நிலத்தில் மரம் வளர்ப்பதற்கென்றே தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை வனச் சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்தே நீக்கியது. நமது நாட்டில் வல்லப்பட்டைக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அதன் பெறுமதி நமக்குத் தெரிய வருவதற்கு முன்பே கடத்தல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகையில் படித்துத்தான் பலர் அந்தப் பெயரையே அறிந்தார்கள்.

இவ்வளவும் எழுதியதால் காட்டைத் திறந்துவிடச் சொல்கிறேன் என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. நேரெதிராகச் சொல்கிறேன். நக்கிள்ஸ் மூடியே இருக்க வேண்டும்.

கண்டி, மாத்தளை இரு மாவட்டங்களிலும் பரந்திருக்கும் அந்த மலைத்தொடரில் ஏறத்தாழ 17,500 ஹெக்டெயர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. இந்தத் தீர்மானத்தால் அடிபட்டவர்களில் ஏல வியாபாரிகளும் அடக்கம். காட்டுக்குள் ஏலம் நடுவது ரத்தோட்டை, லக்கலைப் பக்கத்தில் பல தலைமுறைத் தொழில். குத்தகைக்குக் காணி எடுத்து, வாடி கட்டி, அங்கேயே உலர்த்தி மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். காட்டு ஏலத்தின் வாசனையே தனி என்று பழைய வியாபாரிகள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். பெருமூச்சு நியாயம்தான். ஆனால் அந்தத் தொழில் காட்டுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிழலுக்காகப் பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழேயிருக்கும் செடி கொடி, கன்று எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கினால்தான் ஏலம் வரும். உலர்த்துவதற்கு விறகும் அதே காட்டில்தான். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்கும். உள்ளே போனால் பெரிய மரத்துக்கு வாரிசு இருக்காது. கைவிட்டுப் பல வருடமான ஏலக் காணிகளில்கூட இளங்கன்றுகள் குறைவாகவே முளைப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஏலத்தை நிறுத்தியது சரி. நிறுத்திய பிறகு அந்த மனிதர்களுக்கு என்ன வழி காட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பிரதான ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகுக் கன்றும் கராம்புக் கன்றும் நிபுணத்துவமும் அங்கே உண்டு. காட்டை மூடும் திணைக்களம் ஒரு அமைச்சின் கீழ், கன்று கொடுக்கும் திணைக்களம் இன்னொரு அமைச்சின் கீழ். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து, "மலைக்கு மேலே இத்தனை ஏக்கரை மூடுகிறோம், கீழே கிராமத்தில் இத்தனை ஏக்கர் மிளகுக்கும் மரத்துக்கும் நாம் பொறுப்பு" என்று எழுதினால் அதற்குப் பெயர் திட்டம். எழுதாவிட்டால் வேலியும் வழக்கும்தான் மிஞ்சும்.

நக்கிள்ஸ் நமக்கு வெறும் அழகுக் காட்சியல்ல. ரிவஸ்டனுக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் அதைக் குளிரான இடம் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த மலைகளிலிருந்து இறங்கும் நீர்தான் களு கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்கிறது. 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் களு கங்கை நீர்த்தேக்கமும் அதை நம்பியே கட்டப்பட்டவை. பழைய லக்கலை நகரையே அதற்காகத் தண்ணீருக்குக் கொடுத்தோம். மேலே மண் பிடிப்பு இல்லாவிட்டால் கீழே தேங்குவது தண்ணீரோடு சேறும்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கம்மடுவைப் பக்கத்தில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டி மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைக் காடு முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அடர்ந்த காட்டுக்குள்ளேயும் மண் சரியும். ஆனாலும் சரிவை வெட்டி வீடும் பாதையும் போட்ட இடமும், மரமும் வேரும் நிற்கிற இடமும் ஒன்றல்ல. மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாகப் போட்டு வைத்திருக்கிறது. அடுத்த வனத் திட்டம் அந்த வரைபடத்தின் மேல்தான் எழுதப்பட வேண்டும். எந்தச் சரிவில் ஒரு மரமும் தறிக்கக் கூடாது, எந்தத் தோட்டத்தில் தாராளமாக நட்டுத் தறிக்கலாம் என்பதை அது பிரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. சாதிக்காயும் கராம்பும் நிற்கும் இரண்டு ஏக்கர் தோட்டத்தை வாங்கி, மரத்தை மில்லுக்கும் காணியை 10 பேர்ச்சஸ் துண்டுகளாகவும் விற்கும் வியாபாரம் மாத்தளையைச் சுற்றி எத்தனை வருடமாக நடக்கிறது? அதில் நல்ல இலாபம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தோட்டம் ஒரு முறைதான் துண்டாகும். அதே நபர் மறுநாள் என் கடைக்கு வந்து, "மிளகு வரத்துக் குறைந்துவிட்டதே, என்ன நடக்கிறது?" என்று கேட்கிறார்! வெதுப்பகங்களும் செங்கல் சூளைகளும் ஹோட்டல்களும் எரிக்கும் விறகு எங்கிருந்து வருகிறது என்று லொறிக்காரனிடம் கேட்கிற முதலாளிகளையும் நான் அதிகம் காணவில்லை.

என் யோசனை பெரிய தத்துவமல்ல. தோட்டத்து மரத்துக்கான அனுமதியைத் தறிக்கிற நாளில் கேட்பதை விட்டு, நடுகிற நாளில் கொடுக்க வேண்டும். இன்ன காணியில், இன்ன ஆண்டில், இத்தனை மஹோகனி, இத்தனை பலா என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு புத்தகம். அதில் பதிந்த மரத்தை முதிர்ந்த பின் தறிக்க ஒரு அறிவித்தல் போதும் என்று சட்டம் உறுதி கொடுக்கட்டும். பலா ஒன்றைத் தறித்தால் மூன்று நட வேண்டும் என்பதையும் அதே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்போது வன உத்தியோகத்தர் பாட்டனாரின் உறுதியைத் தேடி நேரம் போக்காமல், உண்மையான காட்டுக் கள்வனைப் பிடிக்கப் போகலாம். இதில் கள்ளக் கணக்கு நுழையாதா என்று கேட்பீர்கள். நுழையும். இன்றைய முறையிலும் நுழைகிறதுதானே? பகிரங்கப் புத்தகத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது.

அடுத்தது, 40 வருடம் காத்திருப்பது யார்? தனி மனிதனுக்குக் கஷ்டம்; மகள் கல்யாணம் வரும், கடன் வரும். பள்ளிவாசல்களின் வக்பு காணிகளைப் பற்றி இங்கே யோசிக்கலாம். விற்கப்படாத, பங்குபிரிக்கப்படாத காணி வேறு எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்தில் பல ஜமாஅத்களுக்குத் தோட்டங்கள் உண்டு. பெரும்பாலும் தேங்காய் பறித்து விற்பதோடு சரி. சில வருடங்களுக்கொரு முறை நம்பிக்கையாளர் சபை மாறுகிறபோது வருமானம் குறைந்தால் மரம் தறிக்கிற யோசனை வரும். எத்தனையாம் ஆண்டில் எத்தனை மரம் நட்டு, எத்தனையாம் ஆண்டில் எத்தனை தறிப்பது என்று ஒரு தாளில் எழுதி வக்பு சபைக்குக் கொடுத்துவிட்டால், அடுத்து வருகிற நிர்வாகமும் அதை மீற யோசிக்கும். நாட்டுக்கு 25 வருடத் திட்டம் கேட்கிற நாம் ஒரு பள்ளித் தோட்டத்துக்கு அதைச் செய்து காட்ட முடியாதா?

மூன்றாவதாக மரக்காலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மில்லுக்கு வருகிற மரத்தின் கணக்கு உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. எந்த இனம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனை கன அடி என்பதை ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், 11 பிரிவுகளில் எது தன் மரத்தைத் தின்று தீர்க்கிறது, எது இன்னும் தாங்கும் என்று தெரிந்துவிடும். இது வியாபார இரகசியம் என்று சிலர் தயங்குவார்கள். முதலாளிமார் பெயரில்லாமல், விலையில்லாமல், அளவை மட்டும் கொடுத்தால் போதும். கொழும்பில் உட்கார்ந்து திட்டம் எழுதுகிறவர்களிடம் செய்மதிப் படம் இருக்கும். வேலியோரத்து மலைவேம்பு எந்த மாதம் எந்த மில்லுக்குப் போனது என்பது அந்தப் படத்தில் விழாது.

மிளகு அறுவடை நெருக்கடி முடிந்ததும் வர்த்தக சங்கத்தில் இதைப் பேச நேரம் கேட்கவிருக்கிறேன். மில் வைத்திருப்பவர்களில் நான்கைந்து பேராவது கடந்த வருடத்துப் பேர்மிட் கட்டுகளைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தால், மாவட்டச் செயலாளரிடம் கொடுப்பதற்கு ஒரு பக்கமாவது நம் கையில் இருக்கும்.